திரும்ப வந்த மீன்கள்

என் மனைவி இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வெளியிலிருந்து வரும் மீன்களை மதிப்பிடுவது அவள் வேலை. ஒரு மீன் தொட்டியிலிருந்து தப்பி இங்குள்ள ஓடையிலோ குளத்திலோ சேர்ந்தால் பிழைக்குமா, பெருகுமா, ஏற்கெனவே இருக்கும் உயிர்களைத் தின்று தீர்க்குமா என்று சோதிப்பாள். மதிப்பெண் போட்டு, அனுமதி கொடுக்கும் குழுவுக்கு அறிக்கை கொடுப்பாள். நான் அலங்கார மீன் கடை வைத்திருந்தேன். "திருடனுக்கும் போலீஸுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்காங்க" என்று அவள் அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். அவளும் சிரிப்பாள். அந்தக் கேலியை நானே கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒளிரும் மீன் சந்தைக்கு வந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சாதாரண வரிமீன்தான். அதன் முட்டைக்குள் ஜெல்லிமீனின் மரபணுவை ஏதோ ஓர் ஆய்வகத்தில் செருகியிருந்தார்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு. நீல விளக்கைப் போட்டால் தொட்டிக்குள் தீப்பொறிகள் நீந்துவது போல இருக்கும். மரபணு மாற்றிய உயிர் என்பதால் முழு அனுமதி உடனே கிடைக்கவில்லை. இரண்டு வருடம் சோதனையாக விற்கலாம், அதற்குள் மதிப்பீடு முடிய வேண்டும் என்றார்கள். மதிப்பீடு அவளிடம் வந்தது.

ஒருநாள் மதியம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது குளிர் சோதனை நடந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரவைக்கிறார்கள். ஏதோ ஒரு டிகிரியில் மீன் நிலைதடுமாறி ஒரு பக்கமாகச் சாய்கிறது. அந்த டிகிரியைக் குறித்துக்கொண்டு மீனை உடனே கதகதப்பான தண்ணீருக்கு மாற்றுகிறார்கள். சற்று நேரத்தில் அது நிமிர்ந்து நீந்துகிறது.

"ஏழு டிகிரில சாயுது" என்றாள். "நம்ம ஓடை குளிர்காலத்துல நாலுக்கு இறங்கும். ஒரு குளிர்காலம் போதும், தப்பிச்சது எல்லாம் போயிடும்."

"பார்க்கவே பாவமா இருக்கு."

"பாவம்தான். உங்களுக்கு இந்த வேலை கொடுத்திருந்தா எல்லா மீனுக்கும் போர்வை போர்த்தியிருப்பீங்க."

அவளுடைய உதவியாளர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எங்கே போனாலும் தோளில் கைவலையோடு போகிற பெண் அவள். வலைக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

என் கடை வாசலில் ஒரு பலகை உண்டு. 'வேண்டாத மீனைத் தண்ணீரில் விடாதீர்கள். எங்களிடம் கொடுங்கள்.' வாசகம் என் மனைவியுடையது, எழுத்தும் அவளுடையது. வீடு மாறுகிறவர்களும், ஊருக்குப் போகிறவர்களும், குழந்தைக்கு ஆசை தீர்ந்துபோனவர்களும் மீனைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மற்ற கடைக்காரர்களும் என் கடையைக் கைகாட்டிவிடுவார்கள். கடையின் பின்பக்கத்தில் அதற்கென்றே ஒரு பெரிய தொட்டி வைத்திருந்தேன். திரும்ப வந்த மீனை மறுபடி விற்க முடியாது. எந்த வீட்டு நோயைக் கொண்டுவந்ததோ, மற்ற தொட்டிகளுக்கும் ஒட்டிவிடும். அதனால் என்ன செய்ய வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு கிண்ணத் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட வேண்டும். மீன் மயங்கும், தூங்கும், தூக்கத்திலேயே போய்விடும்.

முதல்முறை ஆறு மீன்களை அப்படிச் செய்தேன். ஒன்று மட்டும் தூங்க மறுத்து, கடைசிவரை என் விரலைச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டாவது முறை கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றியதோடு சரி. எண்ணெயை மூடி வைத்துவிட்டேன்.

என் கடைக்குப் பின்னால் ஒரு நீராவிச் சலவைக்கூடம். அதன் கழிவுநீர்க் குழாய் ஓடையில் விழும் இடத்தில் எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கும். குளிர்காலத்தில் அங்கே ஆவி பறக்கும். ஏழு டிகிரியில் சாயும் என்று அவள் சொன்னது என் மனதில் இருந்தது. இங்கே விட்டால் சாகாது என்று கணக்குப் போட்டேன். அவள் எதற்காக அந்த எண்ணைக் கண்டுபிடித்தாளோ, அதற்கு நேர் எதிராக அதைப் பயன்படுத்திக்கொண்டேன். வாரம் ஒருமுறை, கடை திறப்பதற்கு முன்னால், வாளியோடு பின்கதவைத் திறப்பேன்.

அதோடு நின்றிருந்தால்கூட மன்னிப்புக் கேட்க வாய் இருந்திருக்கும். வாளியைக் காலி செய்த நாளில் கிராம்பு எண்ணெயை இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கதவைத் திறந்ததும் அவளுக்கு வாசனை தெரியும்.

"இன்னைக்கு எத்தனை?"

"பதினெட்டு."

"உட்காருங்க. டீ போடறேன்."

அந்த நாட்களில் மட்டும் அவள் என்னை எந்த வேலையும் செய்ய விடமாட்டாள். பாத்திரம்கூட அவளே கழுவுவாள். நான் நாற்காலியில் சாய்ந்து அந்தக் கரிசனத்தை முழுசாக வாங்கிக்கொள்வேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகு சலவைக்கூடத்தில் கொதிகலன் மாற்றும் வேலை நடந்தது. இரண்டு மாதம் மூடிவிட்டார்கள். குழாய் வறண்டது. குளிர்காலம் வேறு. ஊரின் மறுகோடியில் ஐஸ் தொழிற்சாலை ஒன்று உண்டு. ஐஸ் செய்கிற இடத்திலிருந்து வெளியே வருவது வெந்நீர் என்பது பலருக்குத் தெரியாது. இயந்திரத்தைக் குளிர்விக்கப் போகிற தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. அது ஒரு சின்னக் குட்டையில் விழுந்து, அங்கிருந்து ஆற்றுக்குப் போகும். அந்த இரண்டு மாதமும் மீன்களை ஸ்கூட்டரில் வைத்து அங்கே கொண்டுபோனேன். சலவைக்கூடம் திறந்ததும் மறுபடி பின்கதவுதான்.

மதிப்பீட்டின் கடைசிப் பகுதி, வேண்டாத மீன்கள் எங்கே போகின்றன என்பது. ஊரில் பதினொரு கடைகள். பத்துக் கடைகளுக்கு வலைக்காரி போய் விசாரித்தாள். என் கடைக்கு மட்டும் என் மனைவியே வந்தாள். சொந்த வீட்டுக்காரரிடம் இன்னொருத்தியை அனுப்பிக் கேள்வி கேட்கவைப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்திருக்கிறாள்.

"பதினோராவது கடை. உட்காருங்க. அரசாங்கம் கேட்குது."

"அரசாங்கத்துக்கு டீ சொல்லட்டுமா? லஞ்சம் ஆகாதே?"

"டீ மட்டும்னா ஆகாது. பிஸ்கட்டும் சேர்ந்தா ஆகும்."

வருகிற மீன் எவ்வளவு, எந்த மாதங்களில் அதிகம் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "திரும்ப வர்றதை என்ன செய்றீங்க?" என்றாள்.

"வேற என்ன? நீ சொன்னபடிதான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

குறி போட்டாள். பேனாவை மூடிய பிறகு, "கஷ்டமாத்தான் இருக்கும். எனக்குத் தெரியும்" என்றாள். பின்பக்கத் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

'வேண்டாத மீன்களில் பெரும்பகுதி கடைக்கே திரும்பி, அங்கே முறையாக அழிக்கப்படுகிறது. மிஞ்சியவை குளிர்காலத்தைத் தாண்டா. அபாயம் குறைவு.' அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முழு அனுமதி கிடைத்தது. அந்த அறிக்கைக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். அடுத்த குழுவுக்கு அவளையே தலைவராக்கப் போகிறார்கள் என்று பேச்சு.

எட்டு மாதம் கழித்து, குளிர் விட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், சலவைக்கூடத்து ஆள் ஒருவர் குழாய் அடைப்பு எடுக்க ஓடையில் இறங்கினார். வாளியில் சிவப்பும் பச்சையுமாக அள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தார். "அண்ணே, உங்க சொத்து எங்க வாசல்ல கிடக்கு" என்று சிரித்தார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் அவர் என் மனைவியின் அலுவலகத்துக்கும் சொல்லியிருந்தார்.

மதியம் என் மனைவியும் வலைக்காரியும் இன்னும் மூன்று பேரும் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கினார்கள். நான் பின்கதவில் நின்றேன். ஒவ்வொரு வலையிலும் இருபது, முப்பது வந்தது. பாதிக்கு மேல் குஞ்சுகள்.

"ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டுப் பக்கத்துல ரெண்டு மூணுன்னு விட்டிருந்தா ஜோடிகூடச் சேர்ந்திருக்காது" என்று அவள் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "தனித்தனியா செத்திருக்கும். இது யாரோ ஒருத்தர் மொத்தமா, திரும்பத் திரும்ப, ஒரே இடத்துல விட்டது. அதுவும் சூடு எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆள்."

அப்போது வலைக்காரி தூக்கிய வலையில் ஒரு தங்கமீன் வந்தது. கை அகலம், முதுகு கூன். எங்கள் தொட்டியில் ஆறு மாதம் கிடந்த மீன் அது. கூனி என்று பெயர் வைத்தது என் மனைவிதான். கடைக்கு வரும்போதெல்லாம் கண்ணாடியைத் தட்டி, "கூனி, சாப்பிட்டியா?" என்பாள். போன மாதம்தான் அதையும் வாளியில் போட்டிருந்தேன்.

அவள் வலைக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. அப்புறம், "தங்கமீன் ஒண்ணு, எழுதிக்க" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"கூனி எங்கங்க? தொட்டியில காணோமே."

அதற்குமேல் ஒருத்தி எப்படி வழி திறந்துவிட முடியும்? 'ஓடையில்' என்று ஒரு வார்த்தை போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம் என்று எனக்கே தெரிந்தது.

"செத்துப்போச்சு."

"எப்போ?"

"போன மாசம்."

"ஓ" என்றாள். கையில் இருந்த சட்டையை மடித்து முடித்து, என்னுடைய அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் குழுக் கூட்டத்தில் அவள் சொன்னதை வலைக்காரி பிறகு எனக்குச் சொன்னாள். எழுந்து நின்று, 'ஒரு கடையின் தகவலை நேரில் சரிபார்க்காமல் எழுதினேன், தவறு என்னுடையது, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்' என்றாளாம். எந்தக் கடை என்று தலைவர் கேட்டிருக்கிறார். "சரிபார்க்காதது நான். கடையைக் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றிருக்கிறாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? புருஷன் வியாபாரத்துக்காக அபாய மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டாள் என்று அன்றே பேச்சு கிளம்பிவிட்டது. குழுவிலிருந்து விலகினாள். நூலகத்தில் பழைய அறிக்கைகளை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு மாற்றினார்கள். நான் மீன் விற்பதை நிறுத்தி, தொட்டிகளையும் இரைப் பொட்டலங்களையும் மட்டும் விற்றேன். பலகையைக் கழற்றினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சண்டையும் போடவில்லை. சாயங்காலம் டீ போட்டால் இருவருக்கும் சேர்த்துத்தான் போட்டாள். ஆனால் இன்னைக்கு என்ன நடந்தது என்று கேட்கும் வழக்கம் மட்டும் நின்றுபோனது.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. நான்காவது வருடம் அவளுக்கு நோய் வந்தது. கண்டுபிடித்தபோது கைமீறிப் போயிருந்தது.

மருத்துவமனையில் ஒரு பிற்பகல். பக்கத்துக் கட்டில் காலி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

கண்ணைத் திறக்காமல் சொன்னாள், "எனக்குத் தெரியாததா இருந்தா சொல்லுங்க. தெரிஞ்சதுன்னா தூங்க விடுங்க."

ஓடையைப் பற்றி அவளுக்குத் தெரியும். கூனியைப் பற்றித் தெரியும். கிராம்பு எண்ணெயையும் யோசித்து அறிந்திருப்பாள். ஆனால் ஐஸ் தொழிற்சாலை அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. சலவைக்கூடத்து ஓடையை வடிகட்டி, மருந்து போட்டு, சுத்தமாகிவிட்டது என்று கோப்பை மூடியிருந்தார்கள். அதைச் சொல்லியிருந்தால் அந்தப் படுக்கையிலிருந்தே வலைக்காரிக்குப் போன் போட்டிருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் முகத்தில் அப்படியொரு அசதி இருந்தது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல, தூங்கு" என்றேன்.

பதினோரு நாள் கழித்துப் போய்விட்டாள்.

அவள் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கூட்ட அறையில் நாற்பது நாற்காலி, முன்னால் அவள் படம். தலைவர் பேசினார். "அவங்க ஒரே ஒரு தடவைதான் சறுக்கினாங்க. அதையும் அவங்களேதான் வந்து சொன்னாங்க. அந்தத் தைரியம் நம்மள்ல யாருக்கு இருக்கு?" எல்லோரும் தலையாட்டினார்கள். இறந்த பிறகும் அந்தச் சறுக்கல் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கணவர் இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள்.

எழுந்தேன்.

"சறுக்கினது அவ இல்ல" என்றேன். "நான் பொய் சொன்னேன். மீனையெல்லாம் ஓடையில விட்டது நான்தான். அவ கேட்டப்போ, இல்லைன்னு சொன்னேன்."

பிறகு தலைவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"புரியுதுங்க" என்றார் மெதுவாக. "அவங்க மேல ஒரு சொல் விழக்கூடாதுன்னு நினைக்கிறீங்க. இப்படி ஒரு மனுஷன் கூட வாழ அவங்க கொடுத்து வச்சிருக்கணும்."

முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் அதை வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் வலைக்காரி வழிமறித்தாள். என் மனைவி விட்டுப்போன இடத்தில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"எல்லாரும் அழறாங்க. எனக்கு அழுகை வரல சார். நீங்க சொன்னது நிஜமா?"

"நிஜம்."

"அந்த ஓடை மட்டும்தானா?"

அத்தனை பேரில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. என் மனைவி இருந்திருந்தால் முதலில் கேட்டிருப்பாள்.

"இல்ல" என்றேன்.

மறுநாள் நண்பகலில் ஐஸ் தொழிற்சாலைக்குப் போனோம். வலை, வாளி, நீல டார்ச். காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"மீனா? இங்க இருக்கறதெல்லாம் ஐஸ்ல வச்ச மீன்தாங்க. நீந்தாது."

"நீந்துதான்னு பார்த்துட்டுப் போறோம்ணே" என்றாள்.

குட்டையில் பாசி அடர்ந்திருந்தது. குழாய் விழும் இடத்தை அவளுக்குக் காட்டினேன். முதல் வலையில் சேறு. இரண்டாவதில் இரண்டு தலைப்பிரட்டை. நான் கரையில் நின்றுகொண்டு என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தவித்தேன். மீன் இருந்தால், விட்டவன் நான் என்பதை இவர்கள் நம்புவார்கள், அவள் பெயர் கொஞ்சமாவது மீளும். மீன் இல்லாவிட்டால், நான் செய்த கெடுதல் அந்த ஓடையோடு போயிற்று. அவளைக் கேட்டால் எதை வேண்டச் சொல்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்குத் தன் பெயரைவிடத் தண்ணீர் பெரிது. நான் மீன் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது வலையில் வந்தது. வலைக்காரி டார்ச்சை அடித்தாள். பச்சை, பச்சை, ஒரு சிவப்பு, நகத்தளவுகூட இல்லாத குஞ்சுகள்.

"இது நீங்க விட்டது இல்ல சார். இங்கேயே பிறந்தது" என்றாள். "எந்த மாசம் விட்டீங்க?"

சொன்னேன்.

"எத்தனை தடவை?"

"ஒன்பது."

"ஒவ்வொரு தடவையும்?"

"இருபது இருக்கும். சில நாள் முப்பது."

சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, தொடையில் வைத்து எழுதினாள். பிறகு நிமிராமலே சொன்னாள், "பழைய அறிக்கையில திருத்தம் சேர்க்கணும். தகவல் கொடுத்தவர் பொய் சொன்னார்னு எழுதுவேன். உங்க பேர் வரும். மேடத்துக்கு என்ன உறவுங்கறதும் வரும். உங்க கடைக்கு அவங்களே போனது தப்புன்னும் எழுதித்தான் ஆகணும். அவங்க இருந்தா அதை விட்டிருக்க மாட்டாங்க."

"எழுதும்மா."

"சிலர் இன்னும் மோசமா பேசுவாங்க."

"என்னைப் பேசட்டும்."

"மேடத்தையும் பேசுவாங்க சார்" என்றாள்.

குட்டை வழிந்து ஆற்றில் சேரும் இடம் இருநூறு அடி தள்ளி இருந்தது. அதுவரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள்.

"வாளியை மூடிப் பிடிங்க சார். குதிச்சிடும்."

மூடி எதுவும் கொண்டுவரவில்லை. வாளியை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் விரித்து அதன் வாயை மூடினேன். உள்ளே ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வந்து முட்டின. கீழே ஆற்றோரம் அவள் வலையை வீசினாள், தூக்கிப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி வீசினாள்.